பழைய கேசட், பழைய படத்துண்டு: ஏழாம் வகுப்பில் எப்படி ஓட்டுறது?

தோவாளை டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஆள் இல்லாத நாள்களில் தமிழும் என் தலையில்தான்.

2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா நடக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் பள்ளியில் சாப்ளின் படம் போட்டபோது ஒரு வசனம்கூட இல்லாமலேயே பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அந்தத் தைரியத்தில் போன மாதம் விடுதலைப் போராட்டப் பாடத்துக்கு ஒரு பழைய ஆவணப்படம் போட்டேன். நாற்பது நிமிஷம். பத்தாவது நிமிஷத்திலேயே பாதி வகுப்பு கையில் இல்லை. கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் எழுந்து, "டீச்சர், அங்க மழ பெய்யுதா?" என்றான். படம் முழுக்கக் கீறலாக ஓடியதைத்தான் சொன்னான். அடுத்தவன், "ஏன் டீச்சர் எல்லாரும் ஓட்டமும் நடையுமாட்டு போறாங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்து திட்டிவிட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, அந்த ரெண்டு கேள்விக்குமே எனக்குப் பதில் தெரியவில்லை என்பது உறைத்தது.

இன்னொன்று. மாமா வீட்டுப் பரணில் ஒரு செருப்புப் பெட்டி. உள்ளே ஏழு கேசட். நீல மையில் "கொடை 1994, ரெண்டாம் நாள், வில்லுப்பாட்டு" என்று எழுதியிருக்கிறது. கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோவில் திருவிழா. இதை வகுப்பில் ஓட்ட ஆசை. ஆனால் மறுபடியும் நாற்பது நிமிஷம் உட்காரவைத்து அவமானப்பட விருப்பம் இல்லை.

வெளிநாடுகளில் பட, ஒலிக் காப்பகங்களே பள்ளிகளுக்குப் பாடம் தயாரித்துக் கொடுக்கின்றன என்று கேள்வி. யாராவது வகுப்பில் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "சிறப்பான முயற்சி, வாழ்த்துகள்" மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

கணக்கு வாத்தியார்:

டீச்சர், ஆசை நல்லதுதான். அரையாண்டுத் தேர்வுக்கு எத்தனை பாடம் மிச்சம் இருக்கிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் போர்டை ஆன் பண்ணி, நெட் வந்து, சத்தம் வருவதற்குள் பீரியட் மணி அடித்துவிடும்.

சனிக்கிழமை ரீச்சர், சிட்னி:

ரீச்சர், வணக்கம். நான் யாழ்ப்பாணம். இஞ்ச சிட்னியில சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பதினொரு வருசமாப் படிப்பிக்கிறன். என்ர வகுப்பில பதினாலு பிள்ளையள், ஒன்பது வயதில இருந்து பன்னிரண்டு வரைக்கும். நித்திரை முறியாமல் வந்து நிக்கிற கூட்டம். அதால உங்கட கஷ்டம் எனக்கு நல்லா விளங்குது.

முதல்ல அந்தப் பெடியனிட்டப் போய், "நீ கேட்டது நல்ல கேள்வியடா" எண்டு சொல்லுங்கோ. பிலிம் புரொஜெக்டருக்குள்ளால மேல இருந்து கீழ ஓடும். தூசு, மணல் ஒரு துணிக்கை மாட்டினாலும் நீளத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டு போகும். அதாலதான் கீறல் எல்லாம் நெட்டுக்கு விழுகுது, மழை மாதிரித் தெரியுது. நிறைய மழை பெய்யுற படம் நிறையத் தரம் ஓடின படம். மற்றவன்ர கேள்விக்கு: மௌனப்பட காலத்தில கமராவைக் கையால சுத்தினவை. செக்கனுக்குப் பதினாறு, பதினெட்டுப் படம் எண்டு எடுத்ததை, பிறகு வந்த இருபத்திநாலு வேகத்தில ஓட்டினால் காந்தியும் ஓடத்தான் செய்வார். பிள்ளையளைக் கையால சுத்திக் காட்டச் சொல்லிப் பாருங்கோ. ஒருத்தற்ற வேகமும் மற்றவற்றையோட ஒத்து வராது.

இனி என்ர கதை. கன்பராவில தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் இருக்கு. 1984-ல தொடங்கினது. அதுக்கு முதல் அந்தக் கட்டடம் உடற்கூற்றியல் நிறுவனமா இருந்தது. இஞ்ச ஐந்தாம், ஆறாம் வகுப்பில பிள்ளையளை பஸ்ஸில ஏத்திப் பாராளுமன்றம் காட்டக் கன்பராவுக்குக் கொண்டுபோறது வழக்கம். கன பள்ளிக்கூடங்கள் போற வழியில இந்தக் காப்பகத்தையும் பாத்திட்டு வரும். என்ர மகன் போய் வந்து பாராளுமன்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. கூண்டுக்குள்ள நடந்த ஒரு மிருகத்தைப் பற்றித்தான் ரெண்டு நாள் கதைச்சவன்.

அது தஸ்மேனியப் புலி. புலி எண்டு பேர்தானே ஒழிய, நாய் மாதிரி இருக்கும், முதுகில வரி, கங்காரு மாதிரிப் பை. தஸ்மேனியாத் தீவில ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில இருந்த, அந்த இனத்தின்ர கடைசி மிருகத்தை 1935-ல ஒரு சுற்றுலாப் படத்துக்கு எடுத்திருக்கினம். காப்பகம் அந்தத் துண்டை 2020-ல வெளிய விட்டது. மொத்தம் 21 செக்கன். உடன நினைச்சன், இது என்ர வகுப்புக்கெண்டே அளந்து வெட்டினதெண்டு.

இடைவேளை முடிஞ்சு வந்தவுடன, ஒரு அறிமுகமும் இல்லாமல், சத்தத்தை முழுக்கக் குறைச்சுப் போட்டுப் போட்டன். பேர் சொல்லேல்லை, ஆண்டு சொல்லேல்லை. "கண்டதைத் தமிழில சொல்லுங்கோ" எண்டன், அவ்வளவுதான். நாய், நரி, "கோடு போட்ட நாய்" எண்டு வந்தது. கோட்டுக்கு "வரி" எண்டு ஒரு சொல் இருக்கெண்டு குடுத்தன். அதுக்குப் பிறகு வரிக்குதிரை, வரிப்புலி எண்டு தாங்களே பிடிச்சிட்டினம். ரெண்டாம் தரம் போட்டன். இந்தமுறை மிருகத்தை விட்டிட்டுக் கூண்டைப் பார்க்கச் சொன்னன். கம்பி, சீமெந்து நிலம், ஒரு மரம்கூட இல்லை. மூண்டாம் தரம் போடேக்குள்ள, ஒரு நாளும் வாய் திறக்காத பிள்ளை ஒண்டு, "ரீச்சர், அங்கால ஆரோ கூண்டை ஆட்டினம்" எண்டுது. உண்மைதான். படத்தின்ர வலது ஓரத்தில ஆக்கள் நிண்டு கம்பியைக் கிலுக்கினம், மிருகம் ஏதாவது செய்யட்டும் எண்டு. நான் அதை நாலைஞ்சு தரம் பாத்திட்டும் கவனிக்கேல்லை.

பிறகுதான் சத்தத்தைக் கூட்டினன். பின்னணிக் குரல்காரர் இந்த மிருகம் இப்ப அரிது எண்டு போற போக்கில சொல்லிக்கொண்டு போறார். அதுக்கும் பிறகுதான் நான் பலகையில எழுதினது: 1936 செப்ரெம்பர் 7. கடைசி மிருகம் செத்த நாள். கூண்டை ஆட்டின ஆக்களில வகுப்புக்கு வந்த கோபம் இருக்கே! பதினாலு பேரும் ஒரே நேரத்தில தமிழில கதைச்சது என்ர பதினொரு வருசத்தில அண்டைக்கு மட்டும்தான். கொஞ்சம் இங்கிலீசும் கலந்துதான், மறைக்கேல்லை.

கடைசியா ஒரு கேள்வி: "இது எப்பிடிக் கத்தும்?" ஒருத்தருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. படம் இருக்கே தவிர, தஸ்மேனியப் புலியின்ர குரல் ஒரு இடத்திலும் பதிவாகேல்லை. பிள்ளையள் குலைச்சுப் பாத்தினம், ஊளையிட்டுப் பாத்தினம், ஒருத்தன் பூனை மாதிரிச் சீறினான். பக்கத்து வகுப்பு ரீச்சர் வந்து எட்டிப் பாத்திட்டுப் போனா.

அடுத்த கிழமை இதுக்கு மறுபுறம். அதே தஸ்மேனியா, ஆனால் படம் இல்லை, குரல் மட்டும். ஃபானி கொக்ரேன் ஸ்மித் எண்ட பழங்குடிப் பெண் 1899-லயும் 1903-லயும் மெழுகு உருளையில தன்ர பாட்டுகளைப் பாடிக் குடுத்திருக்கிறா. தஸ்மேனியப் பழங்குடிப் பாட்டுக்கும் பேச்சுக்கும் அந்தக் கால ஒலிப்பதிவு எண்டு இருக்கிறது அவவின்ரது மட்டும்தான். 1905-ல காலமாயிட்டா. ஊசி ஓட ஓட மெழுகு தேயும், அதால ஒவ்வொரு தரம் கேக்கேக்குள்ளயும் குரல் கொஞ்சம் குறையும். உங்கட பெடியன்ர மழை மாதிரித்தான், இது காதுக்குப் பெய்யுற மழை.

இதில ஒண்டைக் கவனமாச் செய்யவேணும். இஞ்ச பழங்குடி ஆக்களின்ர பதிவுகளுக்கு முன்னால, "காலமானவர்களின் குரலும் உருவமும் இதில் இருக்கலாம்" எண்டு ஒரு அறிவிப்பு வரும். நான் அதைத் தமிழில மொழிபெயர்த்து வாசிச்சுப்போட்டுத்தான் போடுறனான். வாசிச்சவுடன வகுப்பு தானா அடங்கும். அரை நிமிசம் கேட்டம். கருத்தைத் தேடாதேங்கோ, காதில விழுந்த ஓசையைத் தமிழ் எழுத்தில எழுதுங்கோ எண்டன். ஒருத்தி எழுதினதைப் போல மற்றவள் எழுதேல்லை. "ஆர் சரி?" எண்டு சண்டை. சரி எண்டு சொல்ல எங்களில ஒருத்தருக்கும் அந்தப் பாசை தெரியாதே எண்டன். சண்டை அதோட நிண்டிட்டுது.

வீட்டு வேலையா, அம்மம்மா, அப்பப்பா ஆரிட்டயும் "இப்ப கேக்கேலாத ஒரு சத்தம்" கேட்டு, போனில ஒரு நிமிசம் பதிஞ்சு கொண்டுவரச் சொன்னன். ஒரு பெடியன் யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மம்மாவை வட்ஸ்அப்பில பிடிச்சிருக்கிறான். தொண்ணூறுகளில யுத்தத்தால கரண்டும் இல்லை, பற்றறியும் வராது. சைக்கிளை ஸ்ராண்டில நிப்பாட்டி, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட காலம். அம்மம்மா கதை சொன்னதோட விடேல்லை. முற்றத்தில கிடந்த பழைய சைக்கிளை நிமித்தி வைச்சு பெடலைச் சுத்திச் சத்தமும் போட்டுக் காட்டியிருக்கிறா. செயின் கறள் பிடிச்சுக் கிரீச் எண்டுது. பதினாலு பிள்ளையளும் அதை மூண்டு தரம் கேட்டதுகள். சுத்துறது நிண்டால் செய்தி பாதியில நிண்டிடுமா எண்டு ஒருத்தி கேட்டாள். நானும் அந்தக் காலத்தில அப்பிடிப் பெடல் சுத்தின ஆள், எனக்குக் கொஞ்ச நேரம் கதைக்க ஏலாமல் போச்சு.

உங்கட வில்லுப்பாட்டுக்கு என்ர யோசினை: ஒரு நிமிசத்துக்கு மேல போடாதேங்கோ. என்னெண்டு சொல்லாதேங்கோ. எத்தனை வாத்தியம் கேக்குது எண்டு எண்ணச் சொல்லுங்கோ. அடுத்த தரம் பாட்டை விட்டிட்டுப் பின்னால கேக்கிற சத்தத்தை: பிள்ளை அழுகுதா, மைக் கூவுதா, ஆர் சிரிக்கினம். 1994-ம் ஆண்டு உங்கட ஊர் இரவு அந்தப் பின்சத்தத்துக்குள்ளதான் இருக்கும்.

கணக்கு வாத்தியார்:

21 விநாடி படத்துக்கு ஒரு முழுப் பீரியடா? விகிதம் போட்டுப் பார்த்தால் தலை சுத்துகிறது.

சனிக்கிழமை ரீச்சர், சிட்னி:

ஓம் சேர், அந்த விகிதம்தான் வேணும்.

பழைய நாடா:

டீச்சர், அந்த ஏழு கேசட்டையும் தயவுசெய்து இன்றைக்கே எதிலும் போட்டு ஓட்டிவிடாதீர்கள். வானொலி நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் நாடாவோடு குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன்.

முதலில் கேசட்டின் நடுவில் உள்ள கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். பளபளவென்று கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் சரி. ஓரத்தில் மாவு தூவியதுபோல வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சை. குமரி மாவட்ட ஈரத்துக்கு இது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் கேசட்டைத் தனிப் பையில் போட்டு ஒதுக்கி வையுங்கள். ஓட்டினால் பூஞ்சை பிளேயருக்குப் போகும், அங்கிருந்து நல்ல கேசட்டுக்கும் போகும்.

நல்லதில் அடிப்பக்க வாயைப் பாருங்கள். நடுவில் நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு, செம்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். முப்பது வருஷத்தில் பசை காய்ந்து உதிர்ந்திருந்தால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். எத்தனையோ பேர் "நாடா போச்சு" என்று குப்பையில் போட்டதெல்லாம் இந்தப் பஞ்சு போனதால்தான். திருகாணி போட்ட வேறு கேசட் கூட்டைத் திறந்து நாடாவை மாற்றிவைத்தால் பாடும்.

மேல்விளிம்பில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் அழியாது. பிறகு முழுக்க ஒருமுறை முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றி, அப்புறம் ப்ளே.

சத்தம் மங்கலாக இருந்தால், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை ஒரு மயிரிழை திருப்புங்கள். தாளத்தின் "சிங்" தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். பதிந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு வேண்டும், அவ்வளவுதான். வில்லுப்பாட்டு இதற்கு வசதி, தாளமும் வில்மணியும் காதுக்குச் சரியாகச் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டரில் இழுக்கும்போது செல்போனை ஸ்பீக்கர் முன்னால் பிடிக்காதீர்கள். பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரில் சத்தம் உள்ளே போகும் லைன்-இன் துளைக்கு ஒரு வயர். வேவ் கோப்பாக, 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வகுப்புக்கு எம்பி3 போதும். தாய்ப் பிரதியைத் தொடாதீர்கள்.

சிட்னி அம்மா சொன்ன காப்பகம் 2015-லேயே ஓர் எச்சரிக்கை விட்டது: 2025-க்குள் டிஜிட்டலாக்காத காந்த நாடாவில் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும் என்று. நாடா அழுகுவது ஒரு பக்கம், அதை ஓட்டும் மெஷினும் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஆளும் இல்லாமல் போவது இன்னொரு பக்கம். அந்த ஆள்களில் ஒருவன் இங்கே இரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஒன்று மறந்தேன். வகுப்பில் ஓட்டுவது வேறு, யூடியூபில் ஏற்றுவது வேறு. பாடியவர் குடும்பம் உள்ளூரில்தான் இருக்கும். ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேப்பமூடு:

டீச்சர், நம்ம மாவட்டத்துலயே உங்க பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை கிடக்கு. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்த ஜே. சி. டேனியல் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1975-ல் இறந்தது நம்ம அகஸ்தீஸ்வரத்துல. அந்தப் படச்சுருளை அவர் மகனே சின்ன வயசுல விளையாட்டாக் கொளுத்திட்டார்னு பின்னாடி அவரே சொல்லியிருக்கார். அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட், தீக்குச்சி பட்டா குபீர்னு எரியும், எந்தச் சின்னப் பையனுக்கும் ஆசை வரும்தான். இன்னிக்கு அந்தப் படத்தைப் பார்க்க வழியே இல்ல.

அடுத்து வந்த 'மார்த்தாண்ட வர்மா' மௌனப்படம் தப்பிச்சுது. எப்படின்னு கேளுங்க. அது ஒரு நாவலை வச்சு எடுத்த படம். அந்த நாவலோட பதிப்பாளர்கள், எங்க அனுமதி இல்லாம எடுத்துட்டாங்கன்னு கேஸ் போட்டு, படத்தைத் தியேட்டர்லருந்து தூக்கிட்டாங்க. சுருள் அந்தப் பதிப்பாளர்களோட புத்தகக் கடையிலேயே கிடந்துது. 1974-ல் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துது. ஓடியிருந்தா தேஞ்சிருக்கும். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்', 1931, அதை யாரும் கேஸ் போட்டு முடக்கல. பிரதி ஒண்ணுகூட மிஞ்சல.

மார்த்தாண்ட வர்மா ராஜா இருந்த பத்மநாபபுரம் அரண்மனைக்கு டூர் கூட்டிட்டுப் போவீங்கல்ல, அங்க வச்சு இதைச் சொல்லுங்க.

தோவாளை டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பழைய நாடா சார், ஏழில் இரண்டில் நீங்கள் சொன்ன மாவு. ஒதுக்கிவிட்டேன். ஒன்றில் பஞ்சு இல்லை. பார்வதிபுரத்தில் டிவி ரிப்பேர் பண்ணும் ஒரு அண்ணன் கூடு மாற்றித் தந்தார், காசு வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவருக்கும் ஒரு பிரதி வேண்டுமாம். ஸ்க்ரூவை அவர்தான் திருப்பினார். தாளம் தெளிந்தபோது கடையில் நின்ற ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முதலில் மழைக் கேள்விக்குப் பதில் சொன்னேன். அந்தப் பையன் முகத்தைப் பார்க்கணுமே. பிறகு ஒரு நிமிஷம் பத்து விநாடி ஒலி. ஸ்மார்ட் போர்டு வழக்கம்போல வரவில்லை (கணக்கு சார், உங்கள் வாய்க்குச் சர்க்கரை), செல்போனையும் மதிய உணவுக் கூடத்து ஸ்பீக்கரையும் வைத்து ஒப்பேற்றினேன்.

முதல் தடவை மூன்று வாத்தியம் என்றார்கள். இரண்டாம் தடவை ஐந்து: வில், உடுக்கு, குடம், தாளம், கட்டை. குடம் எது என்பதில்தான் தகராறு. ஒரு பிள்ளை தன் தண்ணீர்ப் பாட்டிலின் வாயைப் புத்தகத்தால் அடித்துக் காட்டியது, கிட்டத்தட்ட அதே சத்தம். மூன்றாம் தடவை பாட்டை விட்டுப் பின்னால் கேட்கச் சொன்னேன். பட்டாணி விற்கிறவர் குரல், ஒரு கைக்குழந்தை, மைக்கில் யாரோ "வழியில நிக்குத சைக்கிள எடுத்து மாத்துங்க" என்கிறார். இதற்கெல்லாம் அடியில் விடாமல் ஒரு "டுக்கு டுக்கு டுக்கு". எனக்கு அது நாடாக் கோளாறு என்றுதான் பட்டது.

மழைக்காரப் பையன் எழுந்து, "டீச்சர், அது ஜெனரேட்டர். மண்ணெண்ணெய்ல ஓடுற பழைய டைப். எங்கப்பா சவுண்ட் சர்வீஸ்தான், எங்க வீட்டுப் பின்னாடி ஒண்ணு கெடக்கு" என்றான். உறுதியாத் தெரியுமா என்றேன். அப்பாவைக் கூட்டி வருகிறேன் என்றான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வருகிறார். ஜெனரேட்டரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரட்டுமா என்று போனில் கேட்டார். தலைமை ஆசிரியரிடம் இன்னும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ரீச்சர், சிட்னி:

ரீச்சர், அந்த ஒரு நிமிசத்தை என்ர பதினாலு பேருக்கும் அனுப்புவீங்களோ? நாங்கள் சைக்கிள் சத்தத்தை அனுப்புறம்.

தோவாளை டீச்சர்:

பாடினவர் மகள் ஆரல்வாய்மொழியில் இருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டுவிட்டு அனுப்புகிறேன் அக்கா.